வாழ்க்கைத் துணைவரை முழுநேரமும் பராமரிப்போர் பெறக்கூடிய மாற்றுத்திறனாளி உதவிகள்: தென்காசி, குற்றாலம் பகுதி மக்களுக்கான விளக்கம்

பக்கவாதம், முதுகுத் தண்டுவடக் காயம், பார்கின்சன் நோய், தசைச்சிதைவு போன்றவற்றால் கணவரோ மனைவியோ படுக்கையில் விழும்போது, மற்றவர் தம் வேலையை விட்டுவிட்டு முழுநேரப் பராமரிப்பாளராக மாறுகிறார். பல குடும்பங்களில் பராமரிப்பவரும் மாற்றுத்திறனாளியாகவே இருக்கிறார். இத்தகையோர் பெறக்கூடிய உதவிகள், விண்ணப்பிக்கும் முறை, உதவி மறுக்கப்பட்டால் செய்ய வேண்டியவை ஆகியன இப்பக்கத்தில் விளக்கப்படுகின்றன.

முதலில் அறிய வேண்டியவை

• துணைவரைப் பராமரிப்பதால் உங்களுடைய சொந்த மாற்றுத்திறனாளி உரிமை குறையாது. “வீட்டுவேலை செய்கிறார், கணவரைத் தூக்கி உட்கார வைக்கிறார், ஆகவே இவருக்கு ஊனம் இல்லை” என்று எவரும் முடிவு செய்ய இயலாது.

• மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் தனிநபருக்கு உரியது. கணவன், மனைவி இருவருக்கும் குறைபாடு இருப்பின் இருவரும் தனித்தனியே மதிப்பீடு செய்துகொள்ள வேண்டும்.

• பெரும்பாலான உதவிகள் நோயுற்றவரின் பெயரிலேயே வழங்கப்படுகின்றன. எனவே நோயுற்றவரின் சான்றிதழைப் பெறுவதே முதற்படி.

சட்டம் என்ன கூறுகிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 ஆனது 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. இச்சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்கள் பெரும்பாலான நலத்திட்டங்களுக்குத் தகுதி பெறுகின்றனர்.

பராமரிப்பாளர் என்பவர் யார் என்பதையும் இச்சட்டம் வரையறுத்துள்ளது. ஊதியம் பெற்றோ பெறாமலோ மாற்றுத்திறனாளி ஒருவருக்குக் கவனிப்பும் ஆதரவும் அளிக்கும் எவரும் பராமரிப்பாளரே. பெற்றோரும் பிற குடும்பத்தினரும் இதில் அடங்குவர். ஆகவே ஊதியமின்றித் தம் கணவரைப் பேணும் மனைவியும், மனைவியைப் பேணும் கணவரும் சட்டத்தின் பார்வையில் பராமரிப்பாளர்களே.

அன்றாடச் செயல்களுக்குப் பிறரின் தீவிர உதவி தேவைப்படுவோரை உயர் ஆதரவு தேவையுடையோர் என்று சட்டம் குறிப்பிடுகிறது. இவர்களுக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை வழங்குவதற்கு 24ஆம் பிரிவு இடமளிக்கிறது. 38ஆம் பிரிவின்கீழ் நோயுற்றவரோ அவர் சார்பில் மற்றொருவரோ உயர் ஆதரவு கோரி விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டுக் குழு தேவையை ஆராய்ந்து அறிக்கை அளிக்கும்.

நோயுற்ற துணைவரின் பெயரில் கிடைக்கும் உதவிகள்

1. பராமரிப்பு உதவித்தொகை

மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மாதந்தோறும் ரூ.2,000 வழங்குகிறது. தகுதியுடையோர்: 

• 75 விழுக்காட்டிற்கு மேல் கடுமையாகப் பாதிக்கப்பட்டோர்
• அறிவுசார் குறைபாடு உடையோர்
• தசைச்சிதைவு நோயால் பாதிக்கப்பட்டோர்
• தொழுநோயால் பாதிக்கப்பட்டோர்
• முதுகுத் தண்டுவடப் பாதிப்பு, பார்கின்சன் நோய், தண்டுவட மரப்பு நோய், நாள்பட்ட நரம்பியல் குறைபாடு உடையோர்

கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் தவிர்த்த பிற பிரிவினருக்கு 40 விழுக்காடு குறைபாடு இருந்தால் போதும். பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர் பெரும்பாலும் முதற்பிரிவில் விண்ணப்பிக்கிறார். ஆகவே அவருடைய சான்றிதழில் விழுக்காடு சரியாகப் பதிவாகியுள்ளதா எனப் பார்த்துக்கொள்வது முக்கியம்.

2. உதவியாளருக்கான தொகை

உயர் ஆதரவு தேவையுடையவர் என மதிப்பிடப்பட்டவருக்கு உதவியாளரை வைத்துக்கொள்ள மாதம் ரூ.1,000 கூடுதலாக வழங்கப்படுகிறது. இது தனி விண்ணப்பம். பராமரிப்பு உதவித்தொகை பெறுவோர் அனைவருக்கும் இது தானாக வந்து சேர்வதில்லை. கேட்காததால் இதனை இழப்போர் உள்ளனர்.

3. வருவாய்த் துறை ஓய்வூதியம்

பராமரிப்பு உதவித்தொகைக்கான பிரிவுகளில் அடங்காத, 40 விழுக்காட்டிற்கு மேல் குறைபாடுள்ள வறியவர்களுக்கு வருவாய்த் துறை மாத ஓய்வூதியம் வழங்குகிறது. இத்தொகை 2023 ஜனவரி முதல் ரூ.1,000இலிருந்து ரூ.1,500ஆக உயர்த்தப்பட்டது. விண்ணப்பத்தை வட்டாட்சியர் பரிசீலிப்பார். ஒருவரே பராமரிப்பு உதவித்தொகையையும் இந்த ஓய்வூதியத்தையும் சேர்த்துப் பெற இயலாது.

4. தொழிலாளர் ஓய்வூதியம்

துணைவர் வருங்கால வைப்பு நிதி உறுப்பினராகப் பணியாற்றியவராயின், பணியில் இருந்தபோது நிரந்தரமாக முற்றிலும் செயலிழந்தால், 1995ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் ஊனத்திற்கான ஓய்வூதியம் பெறலாம். இதற்குப் பத்தாண்டுப் பணிக்காலம் கட்டாயமன்று. ஒரு மாதச் சந்தாவேனும் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். பீடித் தொழிலாளர் குடும்பங்கள் மிகுந்த இம்மாவட்டத்தில், பழைய வைப்பு நிதி எண்ணைத் தேடி எடுத்து வைத்துக்கொள்வது பயன் தரும்.

பராமரிப்பவரின் பெயரில் கிடைக்கும் உதவிகள்

1. பராமரிப்பவரும் மாற்றுத்திறனாளியாயின்

உங்களுக்கு இளம்பிள்ளை வாதம், பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, பழைய எலும்பு முறிவால் வந்த ஊனம் முதலியவை இருப்பின், உங்கள் பெயரில் தனியாக மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். குறைபாட்டின் விழுக்காட்டை, ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் திருத்தி வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி மருத்துவர் அளவிடுகிறார். மூட்டின் அசைவு, தசையின் வலிமை, பார்வையின் கூர்மை போன்றவையே அளவீட்டிற்கு அடிப்படை. வீட்டில் ஒருவரைப் பராமரிக்கிறீர்கள் என்பது விழுக்காட்டைக் குறைக்கும் காரணம் அன்று.

எனவே மருத்துவரிடம் பராமரிப்புப் பணியை மறைக்க வேண்டியதில்லை. அதே வேளையில், அப்பணியை எவ்வாறு செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறீர்களா, தூக்கிய பின் எவ்வளவு நேரம் வலி நீடிக்கிறது, எந்த வேலைக்கு அண்டை வீட்டாரை அழைக்கிறீர்கள் என்பவற்றை உள்ளது உள்ளபடி கூறுவது போதும்.

2. கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம்

2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட இத்திட்டத்தின்கீழ்த் தகுதியுள்ள குடும்பத் தலைவிக்கு மாதம் ரூ.1,000 வழங்கப்படுகிறது.   வீட்டில் ஒருவர் மாற்றுத்திறனாளி ஓய்வூதியமோ பராமரிப்பு உதவித்தொகையோ பெறுகிறார் என்பதற்காக மட்டும் அக்குடும்பத்தின் விண்ணப்பம் தகுதியிழப்பதில்லை. வருமானம், நிலம் முதலிய பிற நிபந்தனைகள் பொருந்த வேண்டும். “கணவருக்குப் பணம் வருகிறதே” என்ற காரணத்தால் விண்ணப்பிக்காமல் இருந்தால், கோட்டாட்சியர் அலுவலகத்தில் விவரம் கேட்டறியுங்கள்.

3. பயணச் சலுகை

சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளியும் அவருடன் செல்லும் துணையாளர் ஒருவரும் கட்டணமின்றிப் பயணிக்கலாம். தொடர்வண்டியில், துணையின்றிப் பயணிக்க இயலாத உடல் குறைபாடு உடையோருக்கும், அறிவுசார் குறைபாடு உடையோருக்கும், முழுமையாகப் பார்வை இழந்தோருக்கும் இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வசதி வகுப்பிலும் 75 விழுக்காடு சலுகை உண்டு. உடன் செல்லும் துணையாளருக்கும் அதே சலுகை பொருந்தும்.

4. வருமான வரியும் அரசுப் பணியும்

வருமான வரி செலுத்துபவர் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால், தம்மைச் சார்ந்துள்ள மாற்றுத்திறனாளித் துணைவருக்காக ரூ.75,000 கழிவு பெறலாம். குறைபாடு 80 விழுக்காடும் அதற்கு மேலும் எனில் ரூ.1,25,000. துணைவர் தம் பெயரில் இத்தகைய கழிவைக் கோரினால் நீங்கள் கோர இயலாது. ஒன்றிய அரசு ஊழியர் ஒருவர் மாற்றுத்திறனாளித் துணைவரைப் பராமரிப்பவராயின், வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்குக் கோர 2018 அக்டோபரில் வெளியான ஆணை இடமளிக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு

தென்காசி வட்டத்தில் ஒரு குடும்பத்தைக் கருதுவோம். பனை ஏறும் தொழில் செய்த கணவர் மரத்திலிருந்து விழுந்து, முதுகுத் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, இடுப்பிற்குக் கீழ் உணர்விழந்துள்ளார். மனைவிக்குச் சிறுவயது இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பியுள்ளது. முன்பு பீடி சுற்றி வந்தவர், இப்போது கணவருக்கு உடல் துடைப்பதும் புரட்டிப் படுக்க வைப்பதும் சிறுநீர்க் குழாயைக் கவனிப்பதுமாக இருப்பதால் அவ்வேலையை விட்டுவிட்டார்.

கணவர் பராமரிப்பு உதவித்தொகையாக ரூ.2,000 பெறத் தகுதியுடையவர். உயர் ஆதரவு தேவை உறுதி செய்யப்பட்டால் மேலும் ரூ.1,000 கிடைக்கும். மனைவியின் குறைபாடு 40 விழுக்காட்டிற்கு மேல் இருந்து, வருமான நிபந்தனையும் பொருந்தினால் வருவாய்த் துறை ஓய்வூதியமாக ரூ.1,500 கோரலாம். மூன்றும் சேர்ந்தால் மாதம் ரூ.4,500. முதல் விண்ணப்பத்தோடு நின்றுவிட்டால் அக்குடும்பத்திற்கு ரூ.2,000 மட்டுமே வந்து சேரும். இரண்டாவதும் மூன்றாவதுமான விண்ணப்பங்கள் ஆண்டிற்கு ரூ.30,000 வேறுபாட்டை உண்டாக்குகின்றன.

விண்ணப்பிக்கும் முறை

முதற்படி: மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் யுடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டையும் பெறுதல். இதற்கு இ-சேவை மையத்தின் வழியாகவோ ஸ்வாவலம்பன் இணையதளத்திலோ பதிவு செய்து, அரசு மருத்துவமனையில் நடைபெறும் மதிப்பீட்டு முகாமிற்குச் செல்ல வேண்டும். தென்காசி, குற்றாலம் பகுதியினருக்குத் தென்காசி அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையே அணுக்கமானது. மதிப்பீடு முடிந்து சான்றிதழ் கிடைக்க மூன்று மாதம் வரை ஆகலாம்.

பக்கவாதத்திற்கோ விபத்திற்கோ பின் நிலைமை இன்னும் மாறக்கூடும் என்று மருத்துவர் கருதினால், குறிப்பிட்ட காலத்திற்கு மட்டும் செல்லும் தற்காலிகச் சான்றிதழ் தரப்படும். அதன் முடிவு நாளைக் குறித்து வைத்து, முன்கூட்டியே மறுமதிப்பீட்டிற்குப் பதிவு செய்யுங்கள். சான்றிதழ் காலாவதியானால் உதவித்தொகை நின்றுவிடக்கூடும்.

இரண்டாம் படி: உரிய அலுவலகத்தில் விண்ணப்பித்தல். பராமரிப்பு உதவித்தொகைக்கும் உதவியாளர் தொகைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகவும். வருவாய்த் துறை ஓய்வூதியத்திற்கு இ-சேவை மையத்தின் வழியாக வட்டாட்சியருக்கு விண்ணப்பிக்கவும். தென்காசி 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன் திருநெல்வேலியில் வழங்கப்பட்ட அடையாள அட்டையை வைத்திருப்போர், அதனைத் தென்காசி மாவட்ட அலுவலகத்தில் காட்டித் தங்கள் பதிவு எங்குள்ளது என்பதை உறுதி செய்துகொள்வது நல்லது.

எடுத்துச் செல்ல வேண்டியவை:

• மாற்றுத்திறனாளி அடையாள அட்டை அல்லது யுடிஐடி அட்டை
• ஆதார் அட்டை, குடும்ப அட்டை
• வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்க நகல்
• மார்பளவு ஒளிப்படம்
• மருத்துவமனையின் வெளியேற்றச் சுருக்கமும் சிகிச்சைக் குறிப்புகளும்
• உயர் ஆதரவு கோருவோர், நாள் முழுவதும் என்னென்ன உதவி தேவைப்படுகிறது என்பதைக் குறித்த ஒரு பக்கக் குறிப்பு

இறுதியாகக் கூறப்பட்ட குறிப்பு மிகவும் உதவும். உணவூட்டல், குளிப்பாட்டல், மலம் சிறுநீர் கழிக்கச் செய்தல், உடை மாற்றல், புரட்டுதல், இரவில் எத்தனை முறை எழ வேண்டியுள்ளது ஆகியவற்றை மணிவாரியாக எழுதுங்கள். மதிப்பீட்டிற்கு வந்த அன்று நோயுற்றவர் அமைதியாக அமர்ந்திருக்கலாம்; அவருக்காக வீட்டில் ஒரு நாளில் செய்யப்படும் வேலை அப்போது வெளிப்படாது.

மூன்றாம் படி: ஒப்புகைச் சீட்டைப் பாதுகாத்தல். ஒவ்வொரு விண்ணப்பத்திற்கும் ஒப்புகை எண் பெறுங்கள். உதவித்தொகை வரத் தொடங்கிய பின், ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று அளிக்க வேண்டும்.

பயணம் குறித்த குறிப்பு: ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான சாரல் காலத்தில், குறிப்பாக விடுமுறை நாள்களில், தென்காசி–குற்றாலம் சாலையில் நெரிசல் மிகும். படுக்கை நோயாளியை வாகனத்தில் நெடுநேரம் வைத்திருப்பது புண் உண்டாகக் காரணமாகும். ஆகவே காலையிலேயே புறப்படுங்கள். அழைத்துச் செல்லவே இயலாத நிலையில், வீட்டிற்கு வந்து மதிப்பீடு செய்யுமாறு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் எழுத்துமூலம் கோரிக்கை வைக்கலாம்.

கையொப்பமிட இயலாத துணைவரின் வங்கிக் கணக்கு

உதவித்தொகை வந்தும் எடுக்க முடியாமல் தவிக்கும் குடும்பங்கள் உண்டு. கையொப்பமிட இயலாதவரின் கைவிரல் ரேகையையோ கால்விரல் ரேகையையோ வங்கி ஏற்க வேண்டும் என்பது இந்திய ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. வங்கி அறிந்த இருவர் சாட்சியாக இருத்தல் வேண்டும். அவர்களில் ஒருவர் வங்கியின் பொறுப்பு அலுவலராக இருக்க வேண்டும். யார் பணத்தைப் பெற்றுக்கொள்வார் என்பதையும் கணக்கு வைத்திருப்பவர் குறிப்பிடலாம்.

சுயநினைவே இல்லாத நிலையில் இது போதாது. சிகிச்சைச் செலவிற்காகக் கணவரின் சொத்தை விற்கவோ அடகு வைக்கவோ மனைவிக்குத் தானாக அதிகாரம் வருவதில்லை. 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, ஆழ்மயக்கத்தில் இருந்த ஒருவரின் மனைவியை அவருடைய பாதுகாவலராக நியமித்து, சொத்தைக் கையாள அனுமதி அளித்தது. சொத்திலிருந்து வரும் தொகையில் ரூ.50 லட்சத்தைக் கணவரின் பெயரில் நிரந்தர வைப்பாக வைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் விதிக்கப்பட்டது. இந்நிலையில் உள்ளோர் இடைத்தரகர்களை நம்பாமல் சட்ட உதவியை நாட வேண்டும். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண்: 15100.

சாலை விபத்தால் ஊனம் நேர்ந்திருந்தால்

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் மனு அளிக்க வேண்டும். மருத்துவச் செலவையும் வருமான இழப்பையும் மட்டும் கேட்டு நின்றுவிடாமல், உதவியாளர் செலவையும் கோருங்கள். வாழ்நாள் முழுவதும் உதவியாளர் தேவைப்படுவோருக்கு அச்செலவை வயதிற்கேற்ற பெருக்கல் எண்ணைக் கொண்டு கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் தீர்ப்பளித்துள்ளது.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால்

• காரணத்தை எழுத்துமூலம் கேளுங்கள்.
• விழுக்காடு குறைவாகப் பதிவாகியுள்ளதாகக் கருதினால், 2016 சட்டத்தின் 59ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யலாம்.
• உதவித்தொகை தாமதமானால், திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் ஒப்புகைச் சீட்டு நகலுடன் மனு அளிக்கலாம். முதலமைச்சரின் உதவி மைய எண்: 1100.
• உரிமை மறுக்கப்பட்டதாகக் கருதினால், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டணமில்லா எண்: 1800 425 0111.

பராமரிப்பவரின் உடல்நலம்

பராமரிப்பவர் விழுந்துவிட்டால் இருவருமே பராமரிப்பின்றிப் போவர். உணர்விழந்த நோயாளியை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்பதால் இரவுத் தூக்கம் கலைகிறது. குனிந்து தூக்குவதால் முதுகுவலி வருகிறது. தூக்குவதற்கு மாறாக, விரிப்பை நோயாளியின் அடியில் இட்டு இழுத்து நகர்த்துங்கள். முழங்காலை மடக்கி, நோயாளியை உடலோடு நெருக்கிப் பிடியுங்கள். உங்களுக்கு ஊனம் இருப்பின் இம்முறைகளை இயன்முறை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொள்வது பாதுகாப்பானது.

2021 ஆகஸ்ட் 5 முதல் நடைபெறும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் இயன்முறை சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீட்டிற்கே வந்து அளிக்கப்படுகின்றன. அப்பணியாளர் வரும்போது உங்கள் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளுங்கள். தகுதியுள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் ஆண்டிற்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். 

தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் என்னும் தொண்டு நிறுவனம் முதுகுத் தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கு மறுவாழ்வுப் பயிற்சி அளிக்கிறது. 1975இல் தண்டுவடக் காயத்தால் கை கால்கள் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் இதனைத் தொடங்கினார்; அவருக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. சக்கர நாற்காலிப் பயன்பாட்டையும் சிறுநீர்ப்பைப் பராமரிப்பையும் நோயுற்றவர் கற்றுக்கொண்டால் பராமரிப்பவரின் சுமை பெரிதும் குறையும்.

தூக்கமின்மை, காரணமற்ற சினம், அழுகை, வாழ்வில் பிடிப்பின்மை ஆகியன இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104.

துணைவர் காலமானால்

அவர் பெயரில் வந்த உதவித்தொகையும் உதவியாளர் தொகையும் நின்றுவிடும். இறப்பை உரிய அலுவலகத்திற்கு உடனே தெரிவியுங்கள்; பின்னர் கணக்கில் சேரும் தொகையை எடுத்தால் அதனைத் திருப்பிச் செலுத்த நேரிடும். உங்கள் பெயரில் தனியாகப் பெற்ற மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் இதனால் நிற்காது. பராமரிப்புக் காலத்திலேயே உங்கள் பெயரிலும் சான்றிதழ் பெற்று வைக்குமாறு இப்பக்கம் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குறிப்பு: உதவித்தொகையின் அளவும் நிபந்தனைகளும் அரசாணைகளால் அவ்வப்போது மாற்றப்படலாம். விண்ணப்பிக்கும் முன் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளவும்.